கீரை கழுவ ஒரு தொட்டி

ஜூலை 3

இந்த நோட்டு டாக்டரம்மா கேட்டதற்காக வாங்கியது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் இடதுபக்கமாகப் படுத்து, வயிற்றுக்குள் எத்தனை அசைவு என்று எண்ணி எழுத வேண்டும். பத்துக்குக் குறைந்தால் உடனே வர வேண்டும். எழுதியாயிற்று. இருபத்தெட்டாவது வாரம். காலை 14, மாலை 12.

அதற்கு ஒரு வரி போதும். மீதிப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. எதையும் வீணாக்கினால் எனக்குப் பொறுக்காது, தாள் உட்பட. எனவே மீதியில் என் இஷ்டத்துக்கு எழுதப் போகிறேன். வயிற்றைப் பற்றி எழுத மாட்டேன், அதற்குத்தான் எண்கள் இருக்கின்றன. சாமான்களைப் பற்றி எழுதுவேன்.

கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார்கள். குளியலறைக்குப் போகலாம், சற்று நேரம் நாற்காலியில் உட்காரலாம், மற்றபடி கட்டில்தான். கட்டிலில் கிடப்பவளுக்குக் கடை எது? போன்தான். பார்ப்பேன், பிடித்தால் இதயப் பொத்தானை அழுத்துவேன், பட்டியலில் போய் உட்காரும். வாங்க மாட்டேன். இன்று சேர்த்தவை: மூடிகளை மட்டும் தனியே அடுக்கிவைக்கும் தட்டு (எங்கள் வீட்டில் டப்பாவுக்கு மூடி கிடைக்காது, மூடிக்கு டப்பா கிடைக்காது), முருங்கைக்கீரையை உருவுவதற்கு ஓட்டை போட்ட தட்டு, ஒரு சொட்டுகூட வெளியே வடியாத எண்ணெய்ச் சொம்பு. கடைசிப் பொருளை நான் நம்பவில்லை. வடியாத எண்ணெய்ச் சொம்பு இந்த உலகத்தில் இல்லை. இருந்தாலும் சேர்த்தேன்.

ஜூலை 5

காலை 13, மாலை 15.

கட்டிலை முன்னறைக்கு மாற்றி, பால்கனிக் கதவை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். எங்களுடையது மாடி வீடு. திருப்பூரில் வீதிக்கு வீதி பனியன் கம்பெனி இருப்பதால் காலை எட்டு மணிக்குள் பின்னல் மிஷினும் தையல் மிஷினும் சேர்ந்து ஒரே இரைச்சல். கண்ணை மூடிக் கேட்டால் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. நான் மூடிக்கொள்கிறேன்.

இன்று அவர் ஒரு காரியம் செய்தார். அவர் என்றால் என் வீட்டுக்காரர் பூபதி, பனியன் கம்பெனியில் பேக்கிங் பகுதிக்குப் பொறுப்பாளர். கிணற்றடியில் கிடந்த பழைய கப்பியை எண்ணெய் போட்டுப் பால்கனியில் மாட்டினார். கம்பெனியில் வெட்டி எறியும் பனியன் ஓரத்துணியைப் பின்னிக் கயிறாக்கினார். கயிற்றின் நுனியில் என் ஒயர்கூடை. ஏழரை மணிக்குக் கீரைக்கார ராஜாமணி அக்கா வந்து "கீரேய்" என்றதும் நான் கூடையை இறக்குவேன், அக்கா கட்டை வைப்பார், கூடை மேலே வரும். அத்தைக்கு முழங்கால் வலி, படியிறங்கும் வேலை மிச்சம்.

"கீரைக்கட்டுக்கு மேல ஒரு எலுமிச்சம்பழங்கூட வெக்கக் கூடாது, சொல்லிப்போட்டேன். உன்னைக் கனம் தூக்க உடமாட்டேன்" என்றார் அத்தை. என் மாமியார் தெய்வானை. அன்பைக்கூட அதட்டலாகத்தான் வெளியே எடுப்பார்.

அரைக்கீரைக் கட்டு வாழைநாரில் கட்டியிருந்தது. அவ்வளவுதான் அதன் பேக்கிங். கவர் இல்லை, பெட்டி இல்லை, டேப் இல்லை. நாரை அவிழ்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 8

காலை 11, மாலை 13.

பட்டியலில் இன்று ஒரு தொட்டி. இளம்பச்சை, அடியில் தண்ணீர் வடிய ஒரு மூடி, ஒரு பக்கம் சாய்வாக மேடு. மடக்கினால் தட்டையாகிவிடும். கீரை கழுவ மிகவும் வசதியாக இருக்கும். கீரையைச் சாய்வில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் மண் தானாக அடியில் இறங்கிவிடும்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்கும்முன் அதற்கென்று எதுவும் வாங்க மாட்டார்கள். ஒரு துணிகூட. பிறந்த பிள்ளைக்கு முதலில் பழந்துணிதான் போட வேண்டும். கிழிந்த வேட்டி, இல்லாவிட்டால் இன்னொரு பிள்ளை போட்டுக் கழித்தது. புதுசு பிறகுதான். அதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. நான் சேர்த்தது கீரைக்குத்தான்.

ஜூலை 9

காலை 12, மாலை 12. முருங்கைக்கீரை.

ஜூலை 13

காலை 15, மாலை 14. ஞாயிற்றுக்கிழமை. அவர் வீட்டில்.

கம்பெனியிலிருந்து கெட்டி அட்டையை வாங்கிவந்து எனக்குக் கட்டில்மேல் வைக்கிற மேஜை செய்தார். கால் மடங்கும். தட்டு வைக்க ஒரு பள்ளம், டம்ளருக்கு ஒரு வட்டம், போன் நிற்க ஒரு கீறல். ஒட்டுப் பசை இல்லை, டேப் இல்லை, அட்டைக்குள் அட்டை சொருகியே நிற்கிறது. இதை இதயப் பொத்தான் அழுத்தி எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

"ஏனுங்க, இப்பிடியெல்லாம் கைவேலை தெரிஞ்சுட்டு எதுக்குங்க கம்பெனில பனியனை மடிச்சுட்டு இருக்கறீங்க?" என்றேன்.

"பனியன் பேசாமக் கெடக்குது. நீ தொணதொணங்கறே" என்றார்.

வெகுநாள் கழித்து இரண்டு பேரும் சிரித்தோம்.

முன்பு அவர் குழந்தைகள் உடுப்புப் பகுதியில் இருந்தார். நாளுக்கு ஆயிரம் சின்னச் சட்டைகளைப் பெட்டியில் அடுக்குவார். மூன்று வருடத்துக்கு முன் தானாகக் கேட்டுப் பெரியவர்கள் பனியனுக்கு மாறிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

படுத்தபடி பார்த்தால் எதிரே பரண் தெரிகிறது. பித்தளை அண்டா, பழைய மின்விசிறி, ஓர் அட்டைப் பெட்டி. கட்டிலைத் தலைமாடு மாற்றிப் போடச் சொல்ல வேண்டும். மறந்துபோகிறேன்.

ஜூலை 17

காலை 13, மாலை 16.

மத்தியானத் தூக்கத்தில் ஒரு கடைக்குப் போனேன். பெரிய கடை, ஆனால் கூட்டம் இல்லை. வெளிச்சம் கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பொருளுக்கும் பெட்டி இல்லை, கவர் இல்லை. அரிசி குவியலாக, மஞ்சள் குவியலாக, சோப்பு வெட்டாத நீளப் பாளமாக. எண்ணெய் ஒரு சின்ன வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சொட்டுகூட வெளியே வடியவில்லை. கடைக்காரர் முகம் ஞாபகம் இல்லை. எதைக் கேட்டாலும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எதுல வாங்கிக்கறீங்க?"

அரிசிக்கு முந்தானையை விரித்தேன். எண்ணெய்க்குச் சொம்பு நீட்டினேன். மஞ்சளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். கடைசி வரிசையில் ஒரு அலமாரி இருந்தது. அதில் இருந்ததைக் கேட்டேன். அவர் திரும்பி, "எதுல வாங்கிக்கறீங்க?" என்றார். என்னிடம் எதுவும் மிச்சமில்லை. முழித்துக்கொண்டேன்.

அலமாரியில் என்ன இருந்தது என்று பார்த்தேன். எழுத மாட்டேன்.

ஜூலை 21

காலை 12, மாலை 11.

பட்டியலில் சேர்த்தவை: மிக மெல்லிய பற்கள் உள்ள சின்னச் சீப்பு (போன் இடுக்கில் தூசி எடுக்க). மூடி போட்ட குட்டிக் கிண்ணம் (ஊறுகாய்க்கு). காற்று வாங்கும் சதுரக் கொசுவலை, குடை மாதிரி விரியும் (பலகாரம் மூட). எவர்சில்வர் பாலாடை, மற்றவர்கள் பிள்ளைக்குப் பால் புகட்ட வாங்குவது. நீளமான மூக்கு இருப்பதால் தோசைக்கு நெய் ஊற்ற நன்றாயிருக்கும்.

நெய்தான். சந்தேகமே வேண்டாம்.

வளைகாப்பு இந்தமுறை வேண்டாம் என்று யாரும் பேசாமலே முடிவாகிவிட்டது. போன தடவை போட்ட வளையல்கள் எங்கே என்று தெரியவில்லை.

ஜூலை 25

காலை 13, மாலை 13.

மருந்தினால் தூக்கம் தள்ளுகிறது. பாலாடையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்படியே கண் அயர்ந்துவிட்டது. விழித்தபோது போன் கன்னத்துக்கு அடியில் கிடந்தது. கன்னத்தில் சதுரமாக ஒரு தடம். அத்தை பார்த்துச் சிரித்தார்.

ஜூலை 28

காலை 12.

அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். கீழே "பார்சல்" என்று ஒரு குரல். எட்டிப் பார்த்தேன். நரைமீசைக்காரர் ஒருவர் இவ்வளவு பெரிய பெட்டியோடு நின்றார்.

"நாங்க எதுவும் வாங்கலீங்க" என்றேன்.

"உங்க பேருதானுங்க போட்டிருக்குது. சுகந்தி, மாடி வீடு. கூடையை உடுங்க, வெச்சுட்டுப் போறேன். பயப்படாதீங்க, கனமே இல்லைங்க."

கூடைக்குள் பெட்டி அடங்கவில்லை, மேலே குந்திக்கொண்டு வந்தது. கீரைக்கட்டை விடக் கனம் குறைவு. மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். அந்தத் தூக்கத்தில் என் கன்னமோ விரலோ எதையோ அழுத்தியிருக்கிறது. பாலாடை.

இரண்டு விரல் நீளப் பொருளுக்கு ஒரு மிக்ஸிப் பெட்டி. இவர்களைக் கேட்க ஆளே இல்லையா? ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தால் ஆகாதா? எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டேன். திருப்பி அனுப்பிவிடலாம். யாருக்கும் தெரியாது. பிரிக்காததால் இது வாங்கியதாக ஆகாது.

மாலை 11.

போன தடவையும் முப்பத்தோராவது வாரத்தில்தான் பெட்டி வந்தது.

ஜூலை 30, ஆஸ்பத்திரி

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நேற்றுக் காலை 10. மாலை ஒரு மணி நேரம் எண்ணினேன், இரண்டு. இனிப்பாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு எண்ணலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சர்க்கரைத் தண்ணீர் குடித்தேன். இன்னொரு மணி நேரம். மறுபடியும் இரண்டு. மொத்தம் நான்கு.

அத்தையைக் கூப்பிட்டேன். பிள்ளை அசையவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வேறு வந்தது.

"அத்தை, ஒரு பெட்டி வந்துருச்சுங்க. நேத்தே வந்துருச்சுங்க. கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கறனுங்க. நான் வேணும்னு வாங்கலீங்க அத்தை. தூங்கிட்டனுங்க."

அவர் குனிந்து பார்க்கவில்லை. "பொட்டி கெடக்கட்டும். அசைவு எத்தனை?"

"நாலுங்க."

"எதை மொதல்ல சொல்றதுன்னு தெரியாதா கண்ணு உனக்கு?" என்றார். அதட்டல் இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அப்போதுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது.

ஆட்டோவில் அத்தை என் கையைப் பிடித்திருந்தார். அவருக்குப் போன் போட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னோம். வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டினார்கள். மூன்று வருடத்துக்கு முன்பும் இதே மாதிரி கட்டினார்கள். அன்று அந்த நர்ஸ் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்துப் பார்த்தார். கூட்டக் கூட்ட வெறும் இரைச்சல்தான் வந்தது. இந்தமுறை நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டக்டக்டக்டக் என்று தையல் மிஷின் ஓடுகிற சத்தம். எங்கள் வீதியில் எட்டு மணிக்குத் தொடங்குமே, அதே சத்தம். யாரோ உள்ளே உட்கார்ந்து அவசர ஆர்டர் தைப்பது மாதிரி. "தூங்கிட்டிருந்திருக்குதும்மா. நல்லாத்தான் இருக்குது. நாலுன்னதும் உடனே வந்தீங்க பாருங்க, அதான் சரி. ரெண்டு நாள் இங்கேயே வெச்சுப் பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா.

அழுதேன். வெகுநேரம் அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம்.

அவர் காப்பி வாங்கப் போனபோது அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பூபதிக்கு முன்னால எனக்கு ஒண்ணு இருந்துச்சு. அவனுக்கே தெரியாது. எங்கம்மா சொன்னது பூராத்தையும் கேட்டேன். ஒரு துணி வாங்கலை, தொட்டில் கட்ட ஒரு கயிறு வாங்கலை. எட்டாம் மாசம் போயிருச்சு. வாங்காம இருந்து நான் எதைக் கண்டேன்?"

"அப்பறம் எதுக்குங்க அத்தை வாங்கக் கூடாதுன்னு சொல்றீங்க?"

"பயந்தான்."

என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு சொன்னார்.

"தங்காமப் போச்சுன்னா, அந்தச் சாமானையே பார்த்துட்டுக் கெடக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சாங்களோ என்னமோ. நீ மூணு வருசமாப் பரணையே பார்த்துட்டுக் கெடக்கறே."

நான் பரணைப் பார்ப்பதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் இவர் என்னைத்தான் குற்றம் சொல்கிறார் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. நானேதான் தினமும் சொல்லிக்கொண்டேன்.

"என்னாலதான் போச்சுன்னு நெனச்சனுங்க அத்தை."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். உன்னையப் பத்தி இல்லை, என்ற புள்ளை போனப்ப என்னையப் பத்தி. எனக்குப் பழி போட ஒரு பொட்டிகூட இல்லை" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு, காப்பி இன்னும் வரவில்லையே என்று மகனைத் திட்டத் தொடங்கினார்.

ஜூலை 31

காலை 15, மாலை 17. முப்பத்திரண்டு வாரம்.

ஆகஸ்ட் 3

காலை 14, மாலை 14. ஞாயிற்றுக்கிழமை, வீடு.

முதலில் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை அத்தை இழுத்துப் பிரித்தார். காற்றடைத்த பிளாஸ்டிக் தலையணைகள், கசக்கிய தாள், அதற்குள் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு கவர், அதற்குள் பாலாடை.

"என்ன கண்ணு இது?"

"தோசைக்கு நெய் ஊத்தறதுக்குங்க."

அத்தை அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா, நெய்யி. நல்லா ஊத்தலாம்" என்றார். முகம் மாறாமல் சொன்னார். என் வீட்டுக்காரர் மட்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

"என்ற நம்பர்லதான கணக்கு. மெசேஜ் வந்துச்சு. நீயா மனசு வந்து வாங்கறேன்னு சந்தோசப்பட்டுட்டுப் பேசாம இருந்தேன்" என்றார். அப்படியென்றால் பட்டியலையும் பார்த்திருப்பார். தொட்டியையும்.

பிறகு அத்தை பரணைக் காட்டினார். "அதையும் எறக்கீரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்காலி போட்டு ஏறினார். பெட்டியைத் தூக்கியதும் பின்னால் சாய்ந்துவிட்டார். கனமாயிருக்கும் என்று பலத்தைக் கூட்டித் தூக்கியிருக்கிறார்.

"என்ன சுகந்தி, வெறும் பொட்டியா? நான் தொட்டில்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார்.

"நான் நடைவண்டின்னு" என்றார் அத்தை.

மூன்று வருடம் மூன்று பேரும் ஒரே கூரைக்கடியில் மூன்று வேறு சாமான்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். எனக்கு மட்டும் உள்ளே இருப்பது தெரியும். சொல்லவில்லை. பிரிக்கட்டும் என்று விட்டேன்.

அட்டையைத் தட்டிப் பார்த்தார். தொழில் புத்தி எங்கே போகும்? "அஞ்சடுக்கு அட்டை. இதுல நாங்க நூறு பனியன் போடுவோம்." டேப்பை அறுத்தார். தாள் எடுத்தார், தாள் எடுத்தார், இன்னும் தாள் எடுத்தார். தரையெல்லாம் தாள். ஒரு கட்டத்தில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "எவன்டா இதைப் பேக் பண்ணினது? எங்க கம்பெனியா இருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

கடைசியில் அடியில் ஒரு கவர். அதற்குள் ஒரு ஜோடி மஞ்சள் காலுறை. என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும்.

அவ்வளவுதான் நான் வாங்கியது.

அவர் அதை உள்ளங்கையில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆயிரம் ஆயிரமாகச் சின்ன உடுப்பு பேக் செய்த கை, இந்த இரண்டை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இருந்தது. "இத்துனூண்டா" என்றார். பிறகு அழுதார். போன தடவை ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் போன் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டுக்கொண்டு, ஓடிக்கொண்டே இருந்தார். அன்று அழாததை இன்று அழுதார். நான் கட்டிலில் இருந்து கை நீட்டினேன், எட்டவில்லை. அவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாருக்காச்சும் குடுத்தரலாமுங்க அத்தை" என்றேன்.

அத்தை காலுறையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பால்கனிக் கொடியில் இரண்டு மஞ்சள் துணுக்குகள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப்.

ஆகஸ்ட் 4

காலை 16, மாலை 15.

அவர் பெரிய அட்டையை வெட்டிச் சமையலறை அலமாரிக்குத் தடுப்பு செய்துவிட்டார். மூடிகள் ஒரு பக்கம், டப்பாக்கள் ஒரு பக்கம். பட்டியலில் இருந்து மூடித் தட்டை நீக்கினேன்.

ஆகஸ்ட் 15

காலை 13, மாலை 14.

ராஜாமணி அக்கா கீழே நின்று, "என்ன கண்ணு, கொடியில மஞ்சளா என்னமோ தொங்குச்சே அன்னைக்கு? வந்துருச்சா?" என்றார்.

"இல்லீங்க அக்கா. வரப் போகுதுங்க" என்றேன்.

இந்த வார்த்தையை இத்தனை சத்தமாக நான் சொன்னதில்லை. வீதிக்கே கேட்டது. சொன்ன பிறகும் வீதி அப்படியே இருந்தது. அக்கா ஒரு கட்டு மணத்தக்காளியைச் சும்மா கூடையில் போட்டார். அத்தை பின்னால் இருந்து, இரண்டு கட்டு என்ன கனம் என்று கத்தினார்.

ஆகஸ்ட் 22

காலை 15, மாலை 12. மறுபடியும் அந்தக் கடை. கூரை வெளிச்சம், எண்ணெய் வாய்க்கால். கடைசி அலமாரிவரை போனேன். கடைக்காரர் திரும்புவதற்குள் அத்தை அதட்டி எழுப்பிவிட்டார், மாத்திரைக்கு நேரமாம்.

செப்டம்பர் 4

முப்பத்தேழு வாரம். தையலைப் பிரித்தாயிற்று. நடக்கலாம். கால்கள் என்னுடையவை மாதிரி இல்லை. வாசல்வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். காலை 11, மாலை 13.

அத்தை அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து, வெயிலில் போட்டு, மடித்துப் பையில் வைத்தார். ஆறு துண்டுகள். துவைத்துத் துவைத்து வாழைக்குருத்து மாதிரி ஆகியிருக்கிறது. பையில் வேறு என்ன வைத்தார் என்று காட்டவில்லை.

செப்டம்பர் 11

காலை 9 அசைவு வரைக்கும் எண்ணினேன். பிறகு வலி வந்துவிட்டது. நோட்டைப் பையில் போடுகிறேன்.

செப்டம்பர் 12

பெண். நேற்று மத்தியானம் மூன்றேகாலுக்கு. கத்தினாள். இவ்வளவு அழகாக யாரும் கத்தி நான் கேட்டதில்லை.

நான் உள்ளே மேஜைமேல் கிடந்தேன். நர்ஸ் அவளைத் தூக்கிக்கொண்டு கதவைப் பாதி திறந்து வெளியே கேட்டார்.

"பாப்பாவை எதுல வாங்கிக்கறீங்க? துணி எங்க?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அரை மயக்கத்தில் முந்தானையைத் தேடினேன், ஆஸ்பத்திரி அங்கிக்கு ஏது முந்தானை? வெளியே அத்தையின் குரல் கேட்டது.

"இந்தாங்க, வேட்டி. பழசு."

சாயங்காலம் வார்டில் அவளை என் பக்கத்தில் போட்டார்கள். வேட்டித் துண்டுக்குள் பொதிந்திருந்தாள், பேக்கிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏசி காற்றில் ஜில்லென்று இருந்தது. அத்தை பையின் அடியில் கைவிட்டு அந்த மஞ்சள் காலுறையை எடுத்தார்.

"அத்தை, அது புதுசுங்க" என்றேன். பழக்கம் விடுமா.

"எது புதுசு? மூணு வருசமா நம்மூட்டுல கெடந்தது" என்றார். அவள் காலைப் பிடித்து ஒவ்வொன்றாக மாட்டினார். மாட்டும்போது என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணனோடது. அண்ணன் துணியத்தான் மொதல்ல போடோணும்."

நாங்கள் யாரும் அவனை ஒரு பெயராலும், ஓர் உறவாலும் இதுவரை சொன்னதில்லை. அண்ணன் என்று வந்துவிட்டது. அவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து காலுறையின் விளிம்பை மடித்துச் சரிசெய்தார், பேக்கிங்காரர் ஆயிற்றே.

"சுகந்தி, கீரை கழுவ அந்தத் தொட்டியை வாங்கிப் போடட்டுமா?" என்றார்.

"வாங்குங்க. பெட்டி இல்லாமக் குடுப்பாங்களான்னு கேளுங்க" என்றேன்.

செப்டம்பர் 13

காலை: இடது காலுறையை உதைத்துக் கழற்றிவிட்டாள். அத்தை மாட்டினார்.

மாலை: மறுபடியும் கழற்றிவிட்டாள். எண்ணுவதை விட்டுவிட்டேன்.